மூன்றாம் பிறை காதல் படமா இல்லையா? எனக்கொரு சந்தேகம்

கேள்வி: நேத்து மறுபடி மூன்றாம் பிறை பார்த்தேன். இதை எல்லாரும் காதல் படம்னு சொல்றாங்க, ஆனா அந்தப் பொண்ணு சீனுவை ஒருநாள் கூட காதலிக்கலையே. குழந்தை புத்தியில இருந்தப்போ ஒட்டிக்கிட்டா, புத்தி தெளிஞ்சதும் அவனை யாருன்னே தெரியல. அதோட இன்னொன்னு, பழைய ஞாபகம் திரும்பினா நடுவுல நடந்தது மொத்தமா அழிஞ்சு போகும்ங்கிறது நிஜத்துல நடக்குமா, இல்ல கதைக்காக ரீல் விட்டாங்களா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூன் 8, இரவு 10.50

ரீல்தான், சந்தேகமே வேண்டாம். வளர்ந்த பொண்ணு சின்னக் குழந்தையா மாறுறது, அப்புறம் ஒரு வைத்தியர் கைபட்டதும் எல்லாம் திரும்பி வர்றது, இதெல்லாம் சினிமாவுல மட்டும்தான் நடக்கும். எங்க வீட்டுக்காரருக்கு 2011ல பைக்ல போறப்ப நாய் குறுக்க வந்து விழுந்து தலையில அடி, ஹெல்மெட் வீட்ல ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மேல நடந்தது மொத்தமா போயிடுச்சு, அதுல எங்க கல்யாணமும் சேர்த்தி. ரெண்டு வருஷம் நியூரோ ஓபில டோக்கன் போட்டு உட்கார்ந்தவ சொல்றேன், பேரு ஊரு வாய்ப்பாடு கையெழுத்து எதுவும் போகல, தறியில அறுந்த இழையை முடிச்சுப் போடக்கூட மறக்கல. கடைசியா நடந்ததுதான் முதல்ல போகும், பழசு நிக்கும்.

குன்னூர் ஸ்டேஷன்ல சீனுவா வர்ற கமல், தன்னை அவளுக்கு ஞாபகப்படுத்தறதுக்காக மழையில அந்தப் பானையை வெச்சுக்கிட்டு ஆடுறப்ப நானும் அழுவேன், தேசிய விருது சும்மா குடுக்கல. ஆனா அது நடிப்புக்கு வர்ற அழுகை, மருத்துவத்துக்கு இல்ல.

ஜூன் 8, இரவு 11.15

குன்னூர் இல்ல, கேத்தி. நாலு பேர் வந்து திட்டறதுக்குள்ள நானே சொல்லிடறேன். குன்னூர்ல இருந்து வெலிங்டன், அரவங்காடு தாண்டினா கேத்தி, அப்புறம் லவ்டேல், ஊட்டி. 2016ல குடும்பத்தோட அங்க இறங்கி போட்டோவே எடுத்திருக்கோம், அப்பவும் கை குன்னூர்னு எழுதுது. வீட்டுக்காரருக்கு மறதின்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நான் இந்த லட்சணம்.

ஜூன் 9, மதியம் 2.30

என்ன ஆச்சுன்னு முழுசா சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. சரி, தறிக்கு கரண்ட் இல்ல, எழுதறேன்.

கல்யாணம் ஆனது 2011 பிப்ரவரி. விழுந்தது அக்டோபர் 19, தலை தீபாவளிக்கு சரியா ஒரு வாரம் இருக்கு. ஐசியூல அஞ்சு நாள், அப்புறம் வார்டு. கண்ணு முழிச்சு பேச ஆரம்பிச்சதும் என்னைப் பார்த்து முதல்ல சொன்னது "சிஸ்டர், தண்ணி குடுங்க". நர்ஸ்னு நினைச்சுட்டார். நான் தாலியை வெளிய எடுத்து விட்டுக்கிட்டு நின்னேன், ஏதோ அதைப் பார்த்தா ஞாபகம் வந்துடும்ங்கற மாதிரி. அவர் அதைப் பார்த்துட்டு "உங்க வீட்டுக்காரர் எங்க சிஸ்டர் வேலை பார்க்கறாரு"ன்னு கேட்டார். எங்க அத்தை முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு வெளிய ஓடிட்டாங்க. நான் "தறி ஓட்டறாருங்க"ன்னு சொன்னேன். "அட, நம்மாளா"ன்னார்.

டாக்டர் தினமும் காலைல ரவுண்ட்ஸ் வந்து அதே கேள்விகளைக் கேப்பார். என்ன வருஷம்? 2010. எந்த ஊர்ல இருக்கீங்க? கோயமுத்தூர். சீஎம் யாரு? கலைஞர். டாக்டர் பொறுமையா "எலெக்‌ஷன் முடிஞ்சு மே மாசமே ஜெயலலிதா வந்துட்டாங்க"ன்னு சொல்லுவார், இவர் வாயைப் பொளந்து ஆச்சரியப்படுவார். மறுநாள் காலைல மறுபடி கலைஞர். மறுபடி அதே ஆச்சரியம். பக்கத்து பெட்காரர் ஒரு நாள் கடுப்பாகி "யோவ், அம்மாதான்யா"ன்னு கத்திட்டார்.

அப்புறம் உலகக் கோப்பை. ஏப்ரல் 2ஆம் தேதி வாங்கடேல தோனி சிக்ஸ் அடிச்சு முடிச்ச மேட்சை நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து பார்த்தோம், முடிஞ்சதும் இவர் லுங்கியோட ரோட்டுல ஓடினார், பக்கத்து வீட்டு பசங்களோட வெடி போட்டார். அது சுத்தமா இல்ல. வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் இந்தியா ஜெயிச்சுடுச்சுன்னு தெரிஞ்சப்ப தேம்பித் தேம்பி அழுதார், 28 வருஷம் கழிச்சு ஜெயிச்சதை நான் பார்க்கலையான்னு. கல்யாணம் ஞாபகம் இல்லன்னு தெரிஞ்சப்ப இவ்வளவு அழலைங்க. இன்னிக்கும் அதைச் சொல்லிக் காட்டுவேன்.

ஜூன் 9, இரவு 9.05

"மறுபடி தலையில ஒரு அடி போட்டா வந்துடுமே"ன்னு சிரிப்பு போட்டிருக்கற தம்பிக்கு: எங்க பெரிய மாமனார் இதை நிஜமாவே சொன்னார், ஆஸ்பத்திரி காரிடார்ல நின்னுக்கிட்டு, முகத்துல சிரிப்பே இல்லாம. ரெண்டாவது அடி பட்டா ஆளே போயிடுவார்னு டாக்டர் சொன்னதுக்கப்புறம் அவரை வார்டுக்குள்ள தனியா விட நான் சம்மதிக்கல.

ஜூன் 10, இரவு 11.20

மறுபடி காதல் வந்துச்சான்னு மூணு பேர் கேட்டுட்டீங்க. எங்களுது பொண்ணு பார்த்து முடிச்ச கல்யாணம். மறுபடி வர்றதுக்கு முதல்ல ஒண்ணு இருந்திருக்கணுமே. எட்டு மாசத்துல என்ன இருந்துச்சுன்னு யோசிச்சா, காபியில ஆடை படிஞ்சா அதை ஸ்பூன்ல எடுத்து என் டம்ளர்ல போடுவார், எனக்கு ஆடை பிடிக்கும்னு தெரிஞ்சதுல இருந்து. சினிமாவுக்கு ரெண்டு தடவை போனோம். சண்டை நிறைய.

படங்கள்ல என்ன பண்ணுவாங்க, முதல்ல சந்திச்ச இடத்துக்கு கூட்டிட்டுப் போவாங்க, பழைய பாட்டைப் போடுவாங்க, கல்யாண ஆல்பத்தைக் காட்டுவாங்க, பொட்டுனு கண்ணுல தண்ணி வரும். நானும் ஆல்பம் காட்டினேன். ஒவ்வொரு பக்கமா மரியாதையா பார்த்தார், சொந்தக்காரங்க வீட்டுக்கு போனா ஆல்பத்தைத் திணிப்பாங்கல்ல, அந்த மாதிரி. கடைசியில "மாப்பிள்ளை நல்லா இருக்கார்"னு ஜோக் அடிச்சார். எனக்கு அன்னிக்கு சிரிப்பு வரல.

ஆனா ஒண்ணு நடந்துச்சு. நாங்க கல்யாணத்துக்கப்புறம் வாடகைக்கு எடுத்த வீட்ல பாத்ரூம் கதவு தொங்கிப் போயிருக்கும், சும்மா தாப்பாள் போட்டா விழாது, கதவை ஒரு கையால லேசா தூக்கி தோள்பட்டையால ஒரு முட்டு முட்டினாத்தான் விழும். புதுசா வர்ற ஆள் யாராயிருந்தாலும் உள்ள இருந்து "கதவு சாத்த மாட்டேங்குது"ன்னு கத்துவாங்க. இவர் டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்னிக்கு, இது யார் வீடுன்னு கேட்டுக்கிட்டே உள்ள வந்தவர், பாத்ரூமுக்கு போனார். நான் வெளிய காத்துக்கிட்டு நிக்கறேன், கத்துவார்னு. டொக்குனு முட்டற சத்தம், தாப்பாள் விழுந்துச்சு.

சமையல்கட்டுல போய் உட்கார்ந்துட்டேன்.

அடுத்த தடவை ஓபில கேட்டப்ப டாக்டர் சொன்னார், என்ன நடந்துச்சுங்கற ஞாபகம் வேற இடம், கை பழகின பழக்கம் வேற இடம், முதலாவது போனாலும் ரெண்டாவது நிக்கும்னு. ஹென்றி மொலாய்சன்னு ஒரு அமெரிக்கர், 1953ல வலிப்புக்காக மூளையில ரெண்டு பக்கமும் ஞாபகத்தைப் பதிய வைக்கற ஹிப்போகேம்பஸ் பகுதியை எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் 2008ல சாகற வரைக்கும் புதுசா எதுவும் மனசுல தங்கல. ஆனா கண்ணாடியில பார்த்து நட்சத்திரம் வரையற பயிற்சி குடுத்தா நாளுக்கு நாள் நல்லா வரைஞ்சாராம், ஒவ்வொரு நாளும் இதுக்கு முன்னாடி நான் வரைஞ்சதே இல்லன்னு சொல்லிக்கிட்டே. எங்க வீட்ல அது பாத்ரூம் கதவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூன் 11, காலை 6.40

காபி ஆடை கேக்கறீங்க, அது தானா வரல. மூணு மாசம் கழிச்சு நானே சொல்லிக் குடுத்தேன். எல்லாத்தையும் பழக்கத்துல போட்டு புனிதமாக்க வேண்டாம்.

ஜூன் 13, இரவு 12.10

முதல் நாள் எழுதினதை வாபஸ் வாங்கறேன். ரீல்தான், சந்தேகமே வேண்டாம்னு அவ்வளவு திமிரா எழுதியிருக்கேன் பாருங்க. நேத்து பாத்திரம் கழுவறப்ப திடீர்னு உறைச்சுச்சு, பிள்ளைங்களைத் தூங்க வெச்சுட்டு வந்து எழுதறேன்.

கலைஞர்னு தினமும் சொன்னார்னேன்ல, அது ஒரு நாள் நின்னுச்சு. இருபதாவது நாள் காலைல டாக்டர் கேட்டதும் "ஜெயலலிதா, நேத்து நீங்கதானே சொன்னீங்க"ன்னார். டாக்டர் கையைக் குலுக்கினார். அதுவரைக்கும் இருந்த நிலைமைக்கு போஸ்ட் ட்ராமாட்டிக் அம்னீசியான்னு பேரு. ஆள் முழிச்சிருப்பார், பேசுவார், சாப்பிடுவார், ஆனா மூளையில ரெக்கார்டிங் ஓடாது. அது எத்தனை நாள் நீடிக்குதுங்கறதை வெச்சுத்தான் அடி எவ்வளவு பலம்னு கணக்கு போடுவாங்க, ஒரு வாரம் தாண்டினாலே ரொம்பக் கடுமைன்னு அர்த்தம். அது தெளிஞ்சதுக்கப்புறம் அந்த நாட்கள் திரும்பி வராது, ஏன்னா உள்ளயே போகல. அந்த இருபது நாள் அவர் எப்படி இருந்தார்னு நினைக்கறீங்க? குழந்தை மாதிரிதான் இருந்தார். ஊசிக்கு அழுவார், ஜவ்வரிசி வடாம் வேணும்னு அடம் பிடிப்பார், என் துப்பட்டா நுனியை விரல்ல சுத்திக்கிட்டுத்தான் தூங்குவார்.

அந்த வார்டுல ஒரு அட்டெண்டர் அண்ணன் இருந்தார். ஐம்பது வயசு இருக்கும், குட்டையா, முன்பல் ஒண்ணு இருக்காது. இவர் யார் ஊட்டினாலும் துப்புவார், அந்த அண்ணன் வந்து இட்லியைப் பிச்சு சர்க்கரையில தொட்டு "மாப்ள, ஆ காட்டு, ரயிலு வருது"ன்னு சொன்னா மட்டும் வாயைத் திறப்பார். ஷேவ் பண்ணி விட்டது, பெட்பேன் வெச்சது, ராத்திரி டியூப்பைப் பிடுங்காம கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தது, எல்லாம் அவர்தான். அண்ணன் ஷிப்ட் முடிஞ்சு கிளம்பினா இவர் அழுவார். பதினேழாவது நாள் எங்களை மேல் மாடி ரூமுக்கு மாத்திட்டாங்க, அதோட அண்ணனைப் பார்க்கல.

ஜனவரில செக்கப்புக்கு போனோம். இவர் அதுக்குள்ள நல்லா தேறி பேண்ட் சட்டையில டக்கின் பண்ணி நிக்கறார். லிப்ட் பக்கத்துல அண்ணன் ஸ்ட்ரெச்சர் தள்ளிட்டு வந்தார், பார்த்ததும் ஸ்ட்ரெச்சரை விட்டுட்டு ஓடி வந்து "என்ன மாப்ள!"ன்னு தோளைத் தட்டினார். இவர் ரெண்டடி பின்னாடி போய் "சொல்லுங்க"ன்னார். அண்ணனுக்கு புரியல, சிரிச்சுக்கிட்டே விரலைக் குவிச்சு வாய்கிட்ட கொண்டு போய் "ஆ... ரயிலு வருது"ன்னு காட்டினார். இவர் என்னைப் பார்த்து மெதுவா "சாப்பாட்டுக்கு காசு கேக்கறாரா"ன்னு கேட்டுட்டு, பாக்கெட்ல இருந்து பத்து ரூபா எடுத்து நீட்டினார்.

அண்ணன் வாங்கல. "நல்லா இருக்கியா, அது போதும்"னு சொல்லிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிட்டுப் போயிட்டார். நான் அங்கயே அழுதேன், இவர் "யாரு அது"ன்னு கேட்டார், "தெரிஞ்சவர்"னு மட்டும் சொன்னேன்.

இதுக்கு மேல கேத்தி ஸ்டேஷனுக்கு என்ன வேணும்? பாலு மகேந்திரா மருத்துவத்துல தப்பு பண்ணியிருக்கலாம், வைத்தியம் ரீல்தான், குழந்தைத்தனம் மாசக்கணக்குல நீடிக்கறதும் கதைக்காகத்தான், ஆனா தேறின ஆளுக்கு தேத்தினவனைத் தெரியாதுங்கறது ரீல் இல்ல. பன்னிரண்டு வருஷமா இந்தப் படத்தை டிவில பார்த்து நான்தான் சீனுன்னு நினைச்சு அழுதிருக்கேன். நான் இல்ல. என்னை இவர் மறுபடி தெரிஞ்சுக்கிட்டார், தினமும் காபி குடிக்கறோம்.

ஜூன் 13, மதியம் 1.00

ஆமாங்க, இந்தி ரீமேக்லயும் அதே கமலும் ஸ்ரீதேவியும்தான், சத்மா, 1983. கண்ணதாசன் சினிமாவுக்கு கடைசியா எழுதின பாட்டு தமிழ்ல இருக்கறதால நான் தமிழ்தான் பார்ப்பேன்.

ஜூன் 15, இரவு 10.30

கேள்வியோட முதல் பாதிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல, நானும் நழுவிட்டே இருக்கேன். அந்தப் பொண்ணு பக்கம் காதல் இல்ல, சரி. சீனு பக்கம்? அவளுக்கு குழந்தை மனசுன்னு தெரிஞ்சு அவன் எல்லை தாண்டல, அதை நான் மதிக்கறேன். எங்க வீட்லயே இவர் வந்த புதுசுல ரெண்டு மாசம் நான் அத்தையோட ரூம்லதான் படுத்தேன், தாலி கட்டினவர்தான், ஆனா அவருக்கு நான் யாரோ. ஒரு நாள் அவரே கதவுகிட்ட நின்னு "நீங்க இங்க படுக்கறதுல எனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லைங்க"ன்னு சொன்னார். நீங்க, இல்லைங்க. பொண்ணு பார்க்க வந்தப்ப கூட அவ்வளவு மரியாதை குடுக்கல. அந்த "ங்க" போய் "ஏ புள்ள" வர்றதுக்கு அடுத்த சித்திரை ஆச்சு.

ஆனா சீனு மேல எனக்கு ஒரு கோவமும் உண்டு. அவளோட அப்பா அம்மாவை அவன் அவ்வளவு மும்முரமா தேடின மாதிரி தெரியல. அவளுக்கு ஞாபகம் வராம இருக்கறது அவனுக்கு வசதி. கூட இருக்கறவங்களுக்கு இந்த வசதி ரொம்ப ருசிங்க, நான் பார்த்திருக்கேன். மறந்தவங்க வாழ்க்கையில நடந்ததை நாம சொன்னாத்தான் உண்டு, நாம சொல்லாதது நடக்கவே இல்ல.

ஜூன் 15, இரவு 11.05

பூடகமா எழுதிட்டு போக வேண்டாம்னு திரும்பி வந்தேன். அவர் விழுந்த அன்னிக்கு நாங்க ரெண்டு நாளா பேசிக்கல. தலை தீபாவளிக்கு எங்க அம்மா வீட்டுக்கு மூணு நாள் முன்னாடியே போகணும்னு நான், ஆர்டர் இருக்கு, முதல் நாள் ராத்திரி போனா போதும்னு அவர். காலைல டிபன் எடுத்து வைக்காம படுத்துக்கிட்டேன், அவர் வெளிய சாப்பிடலாம்னு வண்டியை எடுத்துட்டு கிளம்பினார். இதை நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல. ஏன் அந்த நேரத்துல அந்த ரோட்டுல போனேன்னு கேட்டப்ப பாவு எடுக்க போனீங்கன்னு சொல்லிட்டேன். போன ஞாபகத்துல பாதிக்கு மேல மெதுவா திரும்பி வந்துச்சு, கல்யாண மண்டப வாசல், உலகக் கோப்பை வெடி கூட கொஞ்சம், ஆனா கடைசி சில வாரம் வரவே வராதுன்னு டாக்டர் சொன்னார். நான் அதைக் கேட்டு நிம்மதியானேன். தீபாவளி அன்னிக்கு எங்கப்பா புது வேட்டியைக் கொண்டு வந்து ஐசியூல இருந்து வந்த மனுஷன் கால்மாட்டுல வெச்சுட்டு நின்னார், அதைப் பார்த்தும் வாயைத் திறக்கல.

ஜூன் 16, காலை 10.15

நேத்து எழுதினதுக்கு ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் சரி சரி. பேச்சை மாத்தறேன்.

இங்கிலாந்துல கிளைவ் வேரிங்னு ஒரு இசைக் கலைஞர். 1985ல ஹெர்பிஸ் வைரஸ் மூளையைத் தாக்கி, முன்னாடி நடந்ததுல பெரும்பாலானது போச்சு, புதுசும் சில விநாடிக்கு மேல தங்காது. இப்பத்தான் முதல் தடவையா முழிச்சேன்னு டைரில எழுதுவாராம், கொஞ்ச நேரம் கழிச்சு அதை அடிச்சுட்டு மறுபடி அதையே எழுதுவாராம். ஆனா பியானோ வாசிப்பார். மனைவி டெபோராவை மறக்கல, அவங்க ரூமை விட்டு வெளிய போயிட்டு அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்தாலும் பல வருஷம் பிரிஞ்சிருந்த மாதிரி கட்டிப் பிடிச்சுக்குவார். கேக்க இனிக்குதுல்ல? அந்தம்மா தாங்க முடியாம விவாகரத்து வாங்கிட்டு அமெரிக்கா போயிட்டாங்க. அங்க போயும் இருக்க முடியல, திரும்பி வந்து 2002ல அவரோட மறுபடி கல்யாண உறுதிமொழி எடுத்துக்கிட்டாங்க. இந்தக் கதையில எனக்குப் பிடிச்சது அந்த விவாகரத்துதான். போயிட்டு வந்தாங்க பாருங்க.

ஜூன் 16, மதியம் 3.40

நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம் படத்தைப் பத்தி கேட்டவருக்கு: அது நிஜமா நடந்த கதைதான், கிரிக்கெட் ஆடறப்ப தலையில அடிபட்டு கல்யாணத்துக்கு முன்னாடி மறந்து போனது ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு. திரும்பத் திரும்ப அதே டயலாக் சொல்றதுல துளி கூட மிகை இல்ல. 2012ல தியேட்டர்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, எங்க வீட்டுக்காரர்தான் ரொம்ப சத்தமா சிரிச்சார். "நானும் இப்படித்தானா"ன்னு கேட்டார். இதை விட மோசம்னேன்.

ஜூன் 19, இரவு 11.50

சொல்லிட்டேன். எழுதினதையே போன்ல காட்டி படிங்கன்னு குடுத்துட்டு துணி மடிக்கற மாதிரி உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் படிச்சார்.

சண்டை வந்த இடத்துல "அப்ப யார் மேல தப்பு"ன்னு கேட்டார். "உங்க மேலதான்"னேன். "எனக்கென்ன தெரியும், நீ சொன்னா சரி"ன்னார். அப்புறம் நானே, பாதி என் மேலயும்தான்னு சொன்னேன். "டிபன் என்ன செய்யாம விட்ட"ன்னார். உப்புமா. "அப்ப வெளிய போனது நியாயம்தான்"னார்.

கோவப்படுவார்னு பன்னிரண்டு வருஷம் பயந்திருக்கேன்.

அப்புறம் மறுபடி மேல தள்ளிப் போய் அண்ணனைப் பத்தி எழுதினதை ரெண்டாவது தடவை படிச்சார். லிப்ட் பக்கத்துல நடந்தது தனக்கு நல்லா ஞாபகம் இருக்குன்னார், அதுக்குள்ள ரெக்கார்டிங் ஓட ஆரம்பிச்சுடுச்சுல்ல. பல்லு இல்லாத ஒரு ஆளு, கையை வாய்கிட்ட கொண்டு போனாரு, நீ அழுத, ஏன்னு தெரியல, அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வரைக்கும் பஸ்ல யோசிச்சுக்கிட்டே வந்தேன்னார். போனைத் திருப்பிக் குடுத்துட்டு எழுந்து போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டார். இது வேற வீடு, இங்க கதவு ஒழுங்கா விழும்.

வெளிய வந்து ஒண்ணு மட்டும் திருத்தச் சொன்னார். அண்ணன்கிட்ட நீட்டினது பத்து இல்லையாம், இருபது ரூபா.